சரிவைத் தாங்கிய சுவர்கள்: நம் மாவட்டத்துக் கற்கட்டின் கதை

யூபிலி மலர் என்றால் கோபுரத்தின் உயரத்தைப் பற்றி எழுதுவார்கள். மணியின் ஓசையைப் பற்றி எழுதுவார்கள். பீடத்தின் அழகையும், பணியாற்றிச் சென்ற குருக்களின் தியாகத்தையும் எழுதுவார்கள். அவையெல்லாம் எழுதப்பட வேண்டியவையே. ஆனால் கோவில் நிற்கும் மேட்டைத் தாங்கிக்கொண்டு, மழையிலும் வெயிலிலும் வாய் பேசாது நிற்கும் கற்சுவரைப் பற்றி எழுதுவார் அரியர். கோவில் மேட்டை மட்டுமா அச்சுவர் தாங்குகிறது? சரிவான நிலத்தில் வீடு கட்டி வாழும் எத்தனையோ குடும்பங்களின் முற்றத்தையும் அடுக்களையையும் மாட்டுக் கொட்டிலையும் அதுவே தாங்கி நிற்கிறது. மேல் நிலத்து மண் கீழே சரிந்துவிடாமல் தடுத்து நிற்பதால் அதைத் தாங்குசுவர் என்கிறோம். அதன் வரலாறு நம் முன்னோர் உழைப்பின் வரலாறு. அதன் இலக்கணம் நம் பிள்ளைகளின் உயிரைக் காக்கும் இலக்கணம். ஆகவே இம்மலரின் சில பக்கங்களை அதற்கு ஒதுக்குவது பொருத்தமே.

கல்லே நம் நிலம்

தருமபுரி கல்லும் மலையும் கலந்த நாடு. கிழக்கே சித்தேரி மலையும் தீர்த்தமலையும், தெற்கே சேர்வராயன் மலையின் வடசரிவும், நடுவே வத்தல்மலையும், மேற்கே பென்னாகரத்தை அடுத்துக் காவிரிப் பள்ளத்தாக்கு நோக்கி இறங்கும் காடுகளும் சூழ்ந்தது நம் மாவட்டம். சேலம் மாவட்டத்திலிருந்து 1965-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் பிரிந்து தனி மாவட்டமாயிற்று. 2004-இல் கிருஷ்ணகிரி இதிலிருந்து பிரிந்தது. எல்லைகள் மாறினும் மண் மாறவில்லை. இரண்டு முழம் தோண்டினால் பாறை. பாறையைச் சுற்றிச் செம்மண். மழை பெய்தால் அச்செம்மண் ஓடைக்கு ஓடும். இதுதான் நம் நிலத்தின் குணம்.

இந்த நிலத்தில் வாழ்ந்தவர்கள் தொன்றுதொட்டுக் கல்லோடு பழகியவர்கள். இறந்தோரைப் புதைத்து அதன்மேல் கல்வட்டமும் கற்பலகை அறையும் எழுப்பிய பெருங்கற்கால மக்களின் அடையாளங்களை இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லசந்திரத்தில் காணலாம். ஆநிரை மீட்கும் போரில் வீழ்ந்த வீரர்க்கு நாட்டிய நடுகற்கள் நம் மாவட்டமெங்கும் கிடைத்துள்ளன. தருமபுரி நகரின் அகழ்வைப்பகத்தில் அவற்றுள் பலவற்றைக் காணலாம். கல்லை வசப்படுத்த இரும்பு வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் நடந்த அகழாய்வில் கிடைத்த சான்றுகளைக் கொண்டு, அங்கு இரும்பின் பயன்பாடு கி.மு. 2172 வரை பின்னோக்கிச் செல்கிறது எனத் தமிழ்நாடு அரசு 2022-இல் அறிவித்தது. உளியும் கடப்பாரையும் இந்நாட்டுக்கு நேற்று வந்தவை அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

பின்னர் கோட்டைகளின் காலம் வந்தது. பன்னிரு கோட்டைகளைக் குறித்து எழுந்த பெயர் என்று சொல்லப்படும் பாராமகால் என்பதே இப்பகுதியின் பழம்பெயர். கிருஷ்ணகிரி, இராயக்கோட்டை முதலிய குன்றுக் கோட்டைகளின் மதில்களை உற்று நோக்குங்கள். குன்றின் சரிவிலேயே கடைக்கால் எடுத்து, பாறையோடு பாறையாகக் கல்லைப் பொருத்தி, உட்புறம் மண் நிரப்பிச் சமதளமாக்கியிருக்கிறார்கள். பகைவனைத் தடுத்த மதில் என்று மட்டும் நாம் அதைப் படிக்கிறோம். மலைமண்ணைத் தாங்கிய சுவர் என்றும் படிக்க வேண்டும். கோட்டையை ஆண்டவர்கள் மாறினர், விசயநகரத்தார் போயினர், ஐதரும் திப்புவும் போயினர், 1792-இல் கும்பினியார் வந்தனர். சுவர்களோ பல இடங்களில் இன்றும் நிற்கின்றன.

மேட்டு நிலத்தில் கல்வரப்பு

கோட்டை கட்டியவன் அரசன். ஆனால் அரசன் கட்டியதைவிட அதிக நீளத்துக்குச் சுவர் கட்டியவன் உழவன். சரிவான புன்செய்க் காட்டில் ஏர் பூட்டுமுன் அவன் முதலில் கல் பொறுக்கினான். பொறுக்கிய கல்லை எங்கே போடுவது? சரிவுக்குக் குறுக்கே வரிசையாக அடுக்கினான். முதல் ஆண்டு அது வெறும் கற்குவியல். அடுத்த ஆண்டு மழையில் ஓடிவந்த மண் அக்குவியலில் தங்கிற்று. மேலும் சில ஆண்டுகளில் சரிவாய் இருந்த நிலம் படிபடியாய் மட்டமாயிற்று. சித்தேரி மலையிலும் சேர்வராயன் மலையிலும் மலைவாழ் மக்கள் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவித்ததற்குப் பின்னே இந்த உழைப்பு மறைந்திருக்கிறது.

கும்பினியார் ஆட்சியின் தொடக்கத்தில் அலெக்சாண்டர் ரீடு என்பவரின் பொறுப்பில் பாராமகால் அளக்கப்பட்டது. அவருக்குத் துணைவராயிருந்து, 1799 வரை இப்பகுதியில் பணியாற்றி, தருமபுரியிலும் தங்கி வாழ்ந்தவரே பிற்காலத்தில் சென்னை மாகாண ஆளுநரான தாமஸ் மன்றோ. ஒவ்வோர் உழவனோடும் நேரே வரி பேசும் இரயத்துவாரி முறை இங்குதான் வேர்கொண்டது. தன் பெயரில் நிலம், தன் பெயரில் வரி என்றான பிறகு, ஒரு மழையில் மண் போனால் அது தன் சோறு போனதாகும் என்பதை உழவன் நன்கு உணர்ந்தான்.

நம் ஆண்டவர் பிறந்த நாட்டிலும் இதே கதைதான். பெத்லகேமை அடுத்த பத்தீர் என்னும் ஊரில் மலைச்சரிவைக் கற்சுவர்களால் படிகளாக்கி, ஒலிவமும் திராட்சையும் காய்கறியும் பயிரிட்டு வருகிறார்கள். சாந்து இல்லாமல் அடுக்கிய அச்சுவர்களும் அந்நிலமும் 2014-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுள் சேர்க்கப்பட்டன. எசாயா தீர்க்கதரிசி பாடிய திராட்சைத் தோட்டத்தில் உரிமையாளன் முதலில் செய்த வேலை என்ன? நிலத்தைக் கொத்திக் கற்களை அகற்றியதே. அகற்றிய கல் அங்கும் சுவராகத்தான் ஆகியிருக்க வேண்டும் என்பதை நம் மேட்டுக்காட்டு உழவர் எவரும் உடனே சொல்லிவிடுவார். சாந்தின்றிக் கல் அடுக்கும் கலையை 2018-இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக ஏற்றது. கிரேக்கம், இத்தாலி, பிரான்சு, ஸ்பெயின், சுவிட்சர்லாந்து உள்ளிட்ட 8 நாடுகள் சேர்ந்து இதற்காக விண்ணப்பித்தன. நம் மலைநாட்டுக் கல்வரப்புக்கு அத்தகைய பட்டம் இல்லை. ஆனால் வேலை ஒன்றே.

கல் உடைத்த கைகள்

வயலில் கிடைக்கும் கல் வரப்புக்குப் போதும். வீட்டுக்கும் கோவிலுக்கும் பாலத்துக்கும் பாறையை உடைத்தாக வேண்டும். அந்தக் கடும் உழைப்பைத் தலைமுறை தலைமுறையாகச் செய்தவர்களில் போயர் சமூகத்தார் முதன்மையானவர்கள். கல்லுடைப்பும் மண்வேலையும் கிணறு வெட்டும் வேலையும் அவர்கள் கைவந்த தொழில்கள்.

பாறையைப் பிளக்க அவர்கள் கையாண்ட முறைகள் இரண்டு. ஒன்று நெருப்பு. பாறையின் மேல் விறகை அடுக்கித் தீமூட்டி, மெல்ல மெல்ல நகர்த்துவார்கள். சூடேறிய மேற்படலம் விரிந்து அடிப்பாறையிலிருந்து தகடாகப் பிரியும். சம்மட்டியால் தட்டிக் கேட்கும் ஓசையைக் கொண்டே எவ்வளவு தூரம் பிரிந்துள்ளது என அறிவார்கள். மற்றொன்று ஆப்பு. கல்லின் ஓட்டம் பார்த்து, ஒரே நேர்கோட்டில் சிறு குழிகளை உளியால் வெட்டி, ஒவ்வொன்றிலும் இரும்பு ஆப்பை இறக்கி, வரிசையாக அடித்துக்கொண்டே போவார்கள். ஓரிடத்தில் மிகுதியாகவும் ஓரிடத்தில் குறைவாகவும் அடித்தால் கல் கோணலாய்ப் பிளக்கும். எல்லா ஆப்பும் ஒத்த அளவில் இறங்கினால் கத்தியால் வெட்டியதுபோல் பிளக்கும்.

வெடிமருந்தும் இயந்திரமும் வந்தபின் அந்தக் கைத்திறன் அருகிவிட்டது. வெயிலில் கல்லோடு போராடிய அந்த மக்களுக்குக் கிடைத்த கூலியோ சொற்பம். கல்தூசியால் கெட்ட நுரையீரல் எத்தனையோ! நம் ஊர்க் கோவில்களையும் இல்லங்களையும் தாங்கும் சுவர்களில் அவர்கள் பெயர் எங்கும் பொறிக்கப்படவில்லை. யூபிலி நாளில் நன்றி கூறும்போது அந்தப் பெயரில்லாதவர்களையும் நினைப்பது நீதியாகும்.

மேட்டில் எழுந்த கோவில்கள்

17-ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் இயேசு சபைக் குரு லியோனார்டோ சின்னமி மைசூர் மிஷனைத் தொடங்கினார். அம்மிஷனின் வழியாகவே நம் பகுதிக்கும் நற்செய்தி வந்தது. கோவிலூர் போன்ற பழம்பெரும் கிறிஸ்தவ ஊர்கள் அக்காலத்தின் நினைவைச் சுமப்பவை. 1773-இல் இயேசு சபை தடைசெய்யப்பட்ட பின், பாரீசு வேத போதக சபைக் குருக்கள் பொறுப்பேற்றுப் பணியைத் தொடர்ந்தனர். 1930-இல் சேலம் மறைமாவட்டம் உருவாயிற்று. 1997-இல் அதிலிருந்து தருமபுரி மறைமாவட்டம் பிறந்தது. இவையெல்லாம் நாம் நன்கறிந்த வரலாறு.

தொடக்கத்தில் கோவில் என்பது மண்சுவரும் கூரையும்தான். நிலையான கோவில் கட்டும் காலம் வந்தபோது ஊரில் மேடான இடத்தை விரும்பினார்கள். வெள்ளம் ஏறாது, மணியோசை தூரம் கேட்கும், நல்ல நிலத்தை உழவுக்கு விட்டுவிடலாம். மேட்டில் கட்டினால் சரிவை மட்டமாக்க வேண்டும். மட்டமாக்கினால் மண்ணைத் தாங்கச் சுவர் வேண்டும். ஆகவே கோவிலுக்கு முன்னே சுவர் பிறந்தது எனலாம். கல் சுமந்தவரும் மண் சுமந்தவரும் பங்கு மக்களே.

லூர்து மாதா கெபியை எண்ணிப் பாருங்கள். 1858-இல் பிரான்சு நாட்டு லூர்து நகரில் மாதா காட்சி தந்த பாறைக் குகையை நினைவூட்டிக் கட்டப்படுவது அது. செதுக்கிய சதுரக்கல் அதற்கு உதவாது. கோணலும் மாணலுமான கல்லே அதற்கு அழகு. தாங்குசுவரும் அப்படியே. பெரிய கல் அடியில் போகும். நீண்ட கல் குறுக்கே போகும். உடைந்த சில்லும் இடுக்கில் போய் உட்கார்ந்து பெரியதை ஆடாமல் பிடிக்கும். ஆகாது என்று தள்ளத்தக்க கல் ஒன்றும் அங்கில்லை. பங்குச் சமூகத்துக்கு இதைவிட நல்ல உவமை எங்கே கிடைக்கும்?

சுவரின் இலக்கணம்

நல்ல கொத்தனாரைக் கேட்டால், தாங்குசுவருக்குச் சில விதிகளைக் கட்டாயம் சொல்வார்.

முதலாவது கடைக்கால். மேல்மண்ணில் சுவர் எழுப்பலாகாது. கெட்டி மண்ணோ பாறையோ தட்டும்வரை வானம் தோண்ட வேண்டும். வானத்தின் அடியையும் மலைப்பக்கம் சற்றுத் தாழ்வாக வெட்ட வேண்டும். அப்போது சுவர் வெளியே வழுக்காமல் உள்நோக்கி அழுந்தும்.

இரண்டாவது அகலம். சாந்தின்றி அடுக்கும் சுவருக்கு உயரத்தில் ஏறத்தாழப் பாதியாவது அடி அகலம் இருத்தல் நலம். 6 அடி உயரத்துக்கு 3 அடி அகலம். காசை மிச்சம் பிடிக்க இந்த அகலத்தைத்தான் முதலில் குறைக்கிறார்கள். அதுவே முதல் தவறு.

மூன்றாவது கல் வைக்கும் முறை. கல்லின் நீளப்பக்கம் மலைக்குள் போக வேண்டும். வெளியே அழகாய்த் தெரிய வேண்டுமென்று நீளப்பக்கத்தை முகத்தில் காட்டி வைத்தால், அது சுவரில் ஒட்டிய பலகையே தவிரச் சுவர் ஆகாது. ஒரு வரிசையின் இணைப்புக்கு நேர்மேலே அடுத்த வரிசையின் இணைப்பு வரலாகாது. இடையிடையே முன்முகத்திலிருந்து பின்முகம் வரை எட்டும் நீளக்கல்லைப் போட வேண்டும். சில்லுக்கற்களைப் பின்புறமிருந்தும் உட்புறமிருந்தும் இறுக்க வேண்டும்.

நான்காவது சாய்வு. சுவரின் முகம் தூக்குகுண்டுக்கு நேராக நில்லாமல், மலைப்பக்கம் சற்றே சாய்ந்திருக்க வேண்டும்.

இந்தச் சாய்வின் அருமையைச் சோதித்துக் காட்டியவர் ஜான் பர்கோயின் என்னும் படைப்பொறியாளர். 1834-இல் அயர்லாந்தின் கிங்ஸ்டவுன் துறைமுகத்தில் (இன்று அவ்வூர் டன் லேரி) அவர் சாந்தில்லாக் கருங்கற் சுவர்கள் நான்கைக் கட்டினார். நான்கும் 20 அடி உயரம். நான்குக்கும் செலவான கல்லின் அளவு ஒன்றே. வடிவம் மட்டும் வேறு. பின்னால் மண்ணைக் கொட்டிக்கொண்டே வந்தார். முகம் உள்நோக்கிச் சாய்ந்த இரண்டு சுவர்களும் முழு உயரத்துக்கு மண் நிரப்பியும் நின்றன. முகம் செங்குத்தாய் இருந்த இரண்டும் ஏறத்தாழ 17 அடி நிரம்பியபோதே விழுந்தன. கல் ஒன்றுதான், கூலி ஒன்றுதான், சாய்வு ஒன்றே வேறு.

அதற்கும் முன்பே, பிரான்சு நாட்டுப் பொறியாளர் கூலோம் மார்த்தினீக் தீவில் கோட்டை கட்டிய அனுபவத்தைக் கொண்டு, மண் சுவரை எவ்வளவு விசையோடு தள்ளும் என்று கணக்கிட்டு 1773-இல் பாரீசு அறிவியல் கழகத்தில் கட்டுரை படித்தார். அக்கணக்கின் சாரத்தை வீடு கட்டும் ஒவ்வொருவரும் மனத்தில் பதிக்க வேண்டும். சுவரின் உயரத்தை இரட்டித்தால் மண்ணின் தள்ளுவிசை இரண்டு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. சுவரைக் கவிழ்க்கும் வலிமையோ எட்டு மடங்காகிறது. 4 அடிச் சுவரை நன்றாய்க் கட்டியவர், அதே அகலத்தில் அதன்மேல் இன்னும் 4 அடி ஏற்றினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்க்கட்டும். முன்னோர் உயர்ந்த ஒரே சுவரைத் தவிர்த்து, தாழ்ந்த இரண்டு மூன்று சுவர்களைப் படிபோல் இடைவெளி விட்டுக் கட்டியது ஏன் என்பது இப்போது விளங்குகிறதன்றோ?

ஏரிக்குக் கோடி, சுவருக்குக் கண்

இத்தனை விதிகளையும்விடப் பெரிய விதி ஒன்றுண்டு. அது நீரைப் பற்றியது.

ஏரி கட்டியவர்கள் நாம். கரை எவ்வளவு வலிதாயினும் கோடி இல்லாத ஏரி உடையும் என்பது நம் ஊர்ச் சிறுவனுக்கும் தெரியும். ஏரி நிறைந்தால் மிகுநீர் கோடி வழியே வழிய வேண்டும். தாங்குசுவரும் அப்படியே. மழைநீர் மேல்நிலத்தில் இறங்கி, மண்ணில் ஊறி, சுவரின் முதுகில் வந்து தேங்குகிறது. வெளியேற வழியில்லையானால் சுவருக்குப் பின்னே கண்ணுக்குத் தெரியாத ஓர் ஏரி உருவாகிறது.

அதன் வலிமையைக் கேளுங்கள். 3 மீட்டர் உயரச் சுவரைக் காய்ந்த மண் தள்ளும் விசை, சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் ஏறத்தாழ 2½ டன். அதே உயரத்துக்கு நீர் தேங்கினால் நீர் மட்டுமே சுமார் 4½ டன் விசையோடு தள்ளும்; நனைந்த மண்ணின் தள்ளுதல் வேறு. இதனால்தான் சுவர்கள் கோடையில் விழுவதில்லை. ஐப்பசி கார்த்திகை அடைமழையில், அதிலும் நள்ளிரவிலும் விடியற்காலையிலும் விழுகின்றன.

பழைய சாந்தில்லாச் சுவருக்கு இந்த ஆபத்துக் குறைவு. கல்லுக்கும் கல்லுக்கும் இடையே உள்ள சந்துகளெல்லாம் அதற்குக் கண்கள். மழைக்காலத்தில் அது அழுதுகொண்டே நிற்கும். அழுகிற சுவர் வாழும். இக்காலத்தில் நாம் என்ன செய்கிறோம்? நீர் கசிகிறதே, அழகு கெடுகிறதே என்று அந்தப் பழஞ்சுவரின் சந்துகளைச் சிமெண்டால் பூசி அடைக்கிறோம். வெளியே பார்க்கப் புதுமை. உள்ளே நீருக்குச் சிறை. புதிதாய்க் கட்டும் சிமெண்டுச் சுவரிலும் நீர் வெளியேறும் துளைகளை விடுவதில்லை. விட்டாலும் பின்புறம் களிமண்ணைக் கொட்டி அடைத்துவிடுகிறோம். சுவரின் முதுகில் ஓரடி அகலத்துக்காவது உடைகல்லும் சல்லியும் நிரப்பி, அடியிலிருந்து மேல்வரை ஐந்தாறு அடிக்கு ஒன்றாகக் குழாய்த் துளைகள் வைத்து, அவை வெளிப்பக்கம் தாழ்ந்திருக்குமாறு செய்தால், பல சுவர்களின் ஆயுள் நீளும். இதற்கு ஆகும் செலவு சுவரின் செலவில் சிறு பங்கே.

நடூர் சொன்ன பாடம்

2019-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் விடியற்காலை. கோவை மாவட்டம் மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூர். பல நாள் மழையில் ஊறியிருந்த ஒரு கருங்கல் சுற்றுச்சுவர், சுமார் 20 அடி உயரமுடையது, தாழ்வான பக்கத்தில் இருந்த ஓட்டு வீடுகளின் மேல் சாய்ந்தது. உறங்கிக்கொண்டிருந்த 17 உயிர்கள் மாண்டன. அவர்களுள் பெண்களும் குழந்தைகளும் பலர். ஏழை எளிய தலித் மக்களின் குடியிருப்பு அது. மேலே இருந்த வீட்டுக்கு அது சுவர். கீழே இருந்தவர்களுக்கு அது தலைமேல் தொங்கிய மலை.

நீலகிரியில் 2009 நவம்பர் மழையில் நிலச்சரிவுகளால் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2024 டிசம்பர் முதல் நாள் பெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை மலையடிவாரத்தில் மண்ணும் பாறையும் சரிந்து ஒரே வீட்டில் ஏழு பேர் மடிந்தனர். அவர்களில் ஐவர் சிறுவர் சிறுமியர். அதே மழையில் நம் பக்கத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. ஏற்காடு மலைப்பாதையிலும் மண் சரிந்தது. வறண்ட மாவட்டம் நமது. மழையே இல்லாத இடத்தில் சுவருக்கு என்ன ஆபத்து என்று எண்ணியிருந்தோம். ஓராண்டு மழையில் பெரும்பகுதி ஓரிரு நாளில் பெய்யும் காலம் இது. நூறாண்டு நின்ற சுவர் இனியும் நிற்கும் என்பதற்கு உறுதி இல்லை.

மேல்வீட்டார் கடமை

சீலோவாமில் கோபுரம் இடிந்து 18 பேர் மாண்டதை இயேசு ஆண்டவர் குறிப்பிட்டதை லூக்கா எழுதிய நற்செய்தியில் வாசிக்கிறோம். மாண்டவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்று நினைக்க வேண்டாம் என்று அவர் தெளிவாகச் சொன்னார். நடூர் மக்களைக் குறித்தும் நாம் அதையே சொல்ல வேண்டும். அது விதியன்று, கட்டியவரும் கண்டும் காணாதிருந்தவரும் பொறுப்பேற்க வேண்டிய காரியம்.

மோசே தந்த சட்டத்திலும் இதற்கு வழிகாட்டுதல் உண்டு. புது வீடு கட்டுகிறவன் மேல்தளத்தைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் கட்ட வேண்டும். கட்டாமல் விட்டு, அங்கிருந்து எவனாவது விழுந்தால் அந்த இரத்தப்பழி அவ்வீட்டைச் சேரும் என்று இணைச்சட்ட நூல் எச்சரிக்கிறது. வீட்டுக்காரனுக்குத் தன் வீட்டாரைக் காக்கும் கடமை மட்டுமன்று, தன் வீட்டால் பிறருக்குத் தீங்கு வராமல் காக்கும் கடமையும் உண்டு என்பதே அதன் பொருள். சரிவில் வாழும் நமக்கு அதை இப்படிச் சொல்லலாம்: தாங்குசுவர் மேல்வீட்டாரின் சொத்து, ஆனால் அது கீழ்வீட்டாரின் உயிர்.

ஆகவே பங்குப் பெருமக்களே, பாறைமேல் வீடு கட்டிய புத்திசாலியின் உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். மழையும் வெள்ளமும் காற்றும் வரும் என்று முன்கூட்டியே எண்ணியதுதான் அவன் புத்தி. அந்தப் புத்தியை இவ்விதம் செயலில் காட்டுவோம். ஒவ்வோராண்டும் புரட்டாசி முடியுமுன் வீட்டுத் தாங்குசுவரைச் சுற்றி நடந்து பாருங்கள். துளைகள் அடைபட்டிருந்தால் கம்பியால் குத்தித் திறவுங்கள். சுவர் வயிறு தள்ளியிருந்தாலோ, மேலே நிலத்தில் சுவருக்கு இணையாக நீண்ட வெடிப்புத் தெரிந்தாலோ, மழைக்காலத்தில் எப்போதும் கசியும் துளை திடீரென்று நின்றுபோனாலோ, அது எச்சரிக்கை. கீழ்வீட்டாருக்கு உடனே சொல்லுங்கள். கூரைத் தண்ணீரும் குளியலறைத் தண்ணீரும் சுவரின் முதுகில் இறங்காமல் வாய்க்காலில் போகட்டும். பழைய சுவரின்மேல் புதிய சுவரை ஏற்றாதீர்கள். ஆள் உயரத்தை எட்டும் எந்தத் தாங்குசுவரையும் பொறியாளரிடம் காட்டாமல் கட்டாதீர்கள். கீழ்வீட்டார் வந்து குறை சொன்னால் அதைச் சண்டையாகக் கொள்ளாதீர்கள். அவர் தம் பிள்ளைகளுக்காகப் பேசுகிறார்.

நம் ஊர் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். சாந்தின்றிக் கல் அடுக்கத் தெரிந்த முதியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களை ஒருநாள் அழைத்து, கோவில் மேட்டுச் சுவரில் பெயர்ந்திருக்கும் பத்தடியை அவர்கள் சொல்லச் சொல்ல நீங்களே கட்டுங்கள். அந்தப் பத்தடி நூறு ஆண்டு பேசும்.

யூபிலி என்னும் சொல்லே நிலத்தோடு தொடர்புடையது. ஐம்பதாம் ஆண்டு வந்தால் நிலம் அவரவர்க்குத் திரும்ப வேண்டும். ஏனெனில் நிலம் ஆண்டவருடையது, மனிதர் அதில் தங்கி வாழும் குடிகளே என்று லேவியர் நூல் போதிக்கிறது. குடியிருக்க வந்தவர், இருக்கும் காலத்தில் நிலத்தைச் சரியவிடாமல் காத்து, வருகிறவருக்கு ஒப்படைத்துப் போக வேண்டும். நம் முன்னோர் கல்மேல் கல் அடுக்கி அதைச் செய்து காட்டினார்கள். அவர்களைத் தாங்கிய இறைவன் நம்மையும், நம் மேட்டு வீட்டாரையும் தாழ்வீட்டாரையும் ஒருசேரத் தாங்கிக் காப்பாராக!